வேர்ப்பங்கசும் மரக்கறி நாற்றின் மருத்துவச் சத்தும்: மலையகத் தோட்டக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லீக்ஸ், தக்காளி, கறிமிளகாய், சலாது, வல்லாரை நாற்றுப் போடுகிறவர்களுக்காக எழுதியது இது. கோவா, நோக்கோல், பீட்ரூட் மட்டும் போடுகிறவர்கள் மூன்றாவது கேள்வியை மட்டும் படித்தால் போதும், பணம் மிச்சமாகும்.

வேர்ப்பங்கசு என்றால் என்ன? வேரை அழுகவைப்பதும் பங்கசுதானே?

அழுகவைப்பது வேறு இனம். இங்கே பேசப்படுவது செடியின் வேருக்குள் புகுந்து, உயிரோடு இருக்கும் கலங்களுக்குள் நுண்ணிய கிளைகளாகப் பிரிந்து, செடியோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளும் இனம். செடி தான் தயாரிக்கும் சீனியிலும் கொழுப்பிலும் ஒரு பங்கைக் கொடுக்கிறது. பங்கசு பொசுபரசையும் துத்தநாகத்தையும் கொஞ்சம் நைதரசனையும் கொண்டுவந்து தருகிறது. பொசுபரசு மண்ணில் எளிதில் நகராது. வேரைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்குள் இருப்பதை உறிஞ்சி முடித்ததும் வேர் வெறும் இடத்தில் நிற்கிறது. பங்கசின் இழைகள் அந்த எல்லையைத் தாண்டிப் பல சென்ரிமீற்றர் தூரம் போகும். மயிர்வேர் நுழையாத இடுக்கிலும் அவை நுழையும்.

இந்த இனத்தை உயிருள்ள வேர் இல்லாமல் தனியாக வளர்க்க முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதி விடைகளுக்கு இதுதான் அடிப்படை.

வேரில் இருக்கும் பங்கசு இலையிலும் தண்டிலும் உள்ள மருத்துவச் சத்தை எப்படி மாற்றும்?

மருத்துவச் சத்து என்று நாம் சொல்வது பெரும்பாலும் செடி தன் பாதுகாப்புக்காகத் தயாரிக்கும் பொருட்கள்: சலாதிலும் தக்காளியிலும் உள்ள பீனோல் வகைகள், தக்காளியின் லைக்கோபீன், மிளகாயின் காரப்பொருள், லீக்ஸ் வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள், வல்லாரையின் ஏசியாற்றிக்கோசைட்டு, துளசியின் வாசனை எண்ணெய்.

பங்கசு வேருக்குள் நுழையும்போது செடி முதலில் அதை அந்நியனாகத்தான் பார்க்கிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கொஞ்சம் உசுப்பிவிட்டு, வந்தவன் வேண்டியவன் என்று தெரிந்ததும் அடக்கிக்கொள்கிறது. ஆனால் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பூச்சியோ நோயோ வந்தால் வேகமாக எழும்பும் ஆயத்தநிலையில் இருக்கிறது. பீனோல் தயாரிக்கும் நொதியங்கள் கூடுவது இந்த வழியில்தான். இது ஒரு பாதை.

இரண்டாவது, போசணைப் பாதை. பொசுபரசும் துத்தநாகமும் தாராளமாகக் கிடைத்தால் ஒளித்தொகுப்பு கூடும். மிஞ்சிய காபனை இப்படிப்பட்ட பொருட்களில் செலவிடச் செடிக்கு வசதி வருகிறது. மூன்றாவது, பங்கசு குடியேறிய வேரில் கரட்டின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டினொயிட்டு தயாரிக்கும் பாதை சுறுசுறுப்பாகிறது. வாசனை எண்ணெய்களின் மூலப்பொருளும் அதே பாதையில்தான் கிளைக்கிறது. துளசியில் செய்த சோதனைகளில், பங்கசு இட்ட செடியில் ரோஸ்மரினிக் அமிலம் கூடியது; அதே அளவு பொசுபரசை உரமாகக் கொடுத்த செடியில் அப்படிக் கூடவில்லை. அதனால் எல்லாவற்றையும் உரக் கணக்கில் எழுத முடியாது.

எந்த மரக்கறிக்கு இது வேலை செய்யும்?

நன்றாகச் சேர்பவை: லீக்ஸ், வெங்காயம், தக்காளி, கறிமிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு, போஞ்சி, கரட், செலரி, சலாது, வல்லாரை, துளசி, புதினா.

சேராதவை: கோவா, பூக்கோவா, நோக்கோல், முள்ளங்கி உட்பட கடுகுக் குடும்பம் முழுவதும். பீட்ரூட்டும் கிட்டத்தட்ட அப்படியே. கோவா நாற்றுத் தட்டில் விலை கொடுத்து வாங்கிய தூளைத் தூவுவது வெறும் செலவு. கடுகுக் குடும்பத்துக்கு ஏதாவது போட்டே ஆகவேண்டும் என்றால் வேறு இனத்தைத் தேடவேண்டும்; அது பிறகு வருகிறது.

கரட்டும் போஞ்சியும் சேரும் பயிர்கள்தான் என்றாலும் அவற்றை நேரடியாக வயலில் விதைக்கிறோம். நாற்றுப் பருவத்தில் பங்கசு இடும் வசதி அவற்றுக்கு இல்லை. மலையகத்தில் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமான பயிர் லீக்ஸ் என்பது எங்கள் கருத்து. இரண்டு மாதத்துக்கு மேல் நாற்றுமேடையில் நிற்கிறது. மயிர்வேர் குறைவான தடித்த வேர் என்பதால் பங்கசை அதிகம் நம்பியிருக்கிறது. பங்கசு வேரூன்ற வேண்டிய காலம் நாற்றுமேடையிலேயே கிடைத்துவிடுகிறது.

எவ்வளவு கூடும்? இருமடங்கு என்று விளம்பரத்தில் போடுகிறார்களே?

2012இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், பங்கசு இட்டு வளர்த்த தக்காளிப் பழத்தில் லைக்கோபீன் 18.5 சதவீதமும் துத்தநாகம் 28 சதவீதமும் கூடியிருந்தன. இது நல்ல விளைவு. ஒரே பங்கசைப் போட்டாலும் சலாதில் வர்க்கத்துக்கு வர்க்கம் விளைவு மாறும். வெளி இலையில் கூடி உள் இலையில் கூடாமலும் போகும். சில பயிரில் சில பொருள் குறைந்ததும் உண்டு.

குறைவதற்கு ஒரு சாதாரணக் காரணம் இருக்கிறது. பங்கசு செடியைப் பெரிதாக வளர்க்கிறது; சத்தும் கூடுகிறது, ஆனால் செடியின் எடை அதைவிட வேகமாகக் கூடினால் ஒரு கிராமுக்கு உள்ள அளவு இறங்கிவிடும். ஒரு செடிக்கு எவ்வளவு, ஒரு கிராம் உலர் நிறைக்கு எவ்வளவு என்று இரண்டு கணக்கும் பார்க்காமல் கூடியது குறைந்தது என்று சொல்லக்கூடாது.

லீக்ஸ் வெங்காயத்தில் இன்னொன்றும் உண்டு. அவற்றின் மருத்துவச் சேர்மங்களில் கந்தகம் இருக்கிறது. மண்ணில் கந்தகம் இல்லாவிட்டால் பங்கசு எதைக் கொண்டுவரும்? யூரியாவை மட்டும் நம்பாமல், நைதரசனில் ஒரு பகுதியை அமோனியம் சல்பேற்றாகக் கொடுங்கள்.

நம் மண்ணிலேயே பங்கசு இருக்காதா? ஏன் புதிதாக இடவேண்டும்?

காட்டோரத்திலும் மானாப்புல் நிற்கும் பத்தனைப் புல்வெளியிலும் தாராளமாக இருக்கிறது. தேயிலை வேரிலும் உண்டு. மரக்கறிப் பாத்தியில்தான் குறைவு. அதற்கு மூன்று காரணம். ஆண்டு முழுவதும் கொத்துவதால் இழைவலை அறுந்துபோகிறது. கோவா, நோக்கோல், பீட்ரூட் என்று சேராத பயிரை அடுத்தடுத்துப் போட்டால் பங்கசுக்குச் சாப்பாடு இல்லை. மூன்றாவதுதான் பெரியது: பொசுபரசு.

பொசுபரசைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

செடிக்குப் பொசுபரசு தட்டுப்பாடாக இருக்கும்போது வேர் ஒரு சமிக்ஞைப் பொருளை மண்ணில் கசியவிடும். ஸ்ட்றைகோலக்டோன் என்று பெயர். அது பட்டதும் பங்கசின் இழை கிளைத்து வேரைத் தேடி வரும். பொசுபரசு நிறைய இருந்தால் செடி அந்த அழைப்பை நிறுத்திவிடுகிறது. சீனி கொடுத்து வாங்கவேண்டியதில்லை என்றால் யார் வாங்குவார்கள்?

நுவரெலியா, கந்தப்பளை, ராகலை, வெலிமடை மரக்கறி நிலங்கள் பலவற்றில் பல ஆண்டுகளாகப் போட்ட டீஎஸ்பி என்ற பொசுபரசு உரமும் கோழி எருவும் சேர்ந்து பொசுபரசு தேங்கிக் கிடக்கிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோதும் பல பாத்திகளில் பொசுபரசுக் குறைபாட்டைவிட நைதரசன் குறைபாடே முதலில் முகம் காட்டியதற்கு இந்தத் தேக்கமும் ஒரு காரணம். ஆகவே முதல் வேலை மண் பரிசோதனை. கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார். மண்ணின் பொசுபரசை அளக்கும் ஒல்சன் முறையில் ஒரு கிலோ மண்ணுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் என்று முடிவு வந்தால், அந்த மண்ணை நாற்றுக் கலவையில் சேர்க்காதீர்கள். அந்த வயலில் பங்கசால் பெரிய மாற்றத்தையும் எதிர்பார்க்காதீர்கள்.

கோழி எருவை இயற்கைதானே என்று நாற்றுக் கலவையில் அள்ளிக் கொட்டுபவர்கள் இருக்கிறார்கள். பங்கசின் பார்வையில் அதுவும் டீஎஸ்பியும் ஒன்றுதான்.

பங்கசை வீட்டிலேயே பெருக்க முடியுமா?

முடியும். சோளத்தின் வேரில் பெருக்குவதே எளிய வழி. ஒரு பத்து லீட்டர் வாளிக்கான கணக்கு இது:

1. கழுவிய ஆற்றுமணல் 6 லீட்டர், உப்பு நீங்கக் கழுவிய தும்புத்தூள் 2 லீட்டர். கலந்து ஆவியில் ஒரு மணி நேரம் அவியுங்கள். மறுநாள் இன்னொரு தடவை. ஆறவிடுங்கள்.
2. எப்பாவல பாறைப் பொசுபேற்று 5 கிராம் சேருங்கள். அது மெதுவாகக் கரைவதால் பங்கசுக்குத் தடையில்லை. டீஎஸ்பி வேண்டாம்.
3. பல ஆண்டு கொத்தாத இடத்தில், மானாப்புல் அல்லது குவாத்தமாலாப் புல்லின் அடியில், மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு 5 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் மெல்லிய வேரோடு மண் ஒரு லீட்டர் எடுங்கள். வேரை ஒரு சென்ரிமீற்றர் துண்டுகளாக நறுக்குங்கள்.
4. அடியில் துளையிட்ட வாளியில் கலவையை முக்கால் பங்கு நிரப்பி, அந்த மண்ணை ஒரு படையாகப் பரப்பி, மீதிக் கலவையால் மூடுங்கள். ஐந்தாறு சோள விதை ஊன்றி, முளைத்ததும் மூன்றை விட்டு மற்றதைப் பிடுங்குங்கள்.
5. வாரம் ஒருமுறை ஒரு லீட்டர் தண்ணீரில் யூரியா அரை கிராம், மியூரியேற்று ஒவ் பொட்டாஷ் அரை கிராம் கரைத்து ஊற்றுங்கள். பொசுபரசு உள்ள கரைசல் எதுவும் கூடாது.
6. நான்கு மாதம் கழித்துத் தண்ணீரை நிறுத்துங்கள். செடி வாடிக் காயும் இரண்டு வாரத்தில் பங்கசு நிறைய வித்திகளை உண்டாக்கும். தண்டை வெட்டிவிட்டு, வேரை நறுக்கி, கலவையோடு சேர்த்து நிழலில் உலர்த்துங்கள்.

கிடைப்பது ஏறக்குறைய எட்டு லீட்டர் பங்கசுத்தூள்.

அந்த ஒரு லீட்டர் மண்ணை எங்கே எடுக்கக்கூடாது?

உருளைக்கிழங்குப் பாத்தியில் எடுக்கவே கூடாது. நுவரெலியாப் பகுதியில் உருளைக்கிழங்கை வாட்டும் வட்டப்புழு இருக்கிறது. அதன் கூடு மண்ணோடு வந்துவிடும். வாடல்நோய் வந்த தக்காளித் தோட்டத்து மண்ணும் அப்படியே. பைன் மரத்தடி மண்ணில் பங்கசு உண்டு, மழை விட்டதும் காளானாகவே எழும்பும். ஆனால் அது மரவேரின் வெளிப்புறத்தைப் போர்த்தும் வேறு இனம்; மரக்கறியோடு சேராது.

சோளத்தை அறுவடை செய்யும்போது வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் வேர்முடிச்சு வட்டப்புழு என்ற இன்னொரு வகை வந்துவிட்டது. வாளி முழுவதையும் கொதிநீர் ஊற்றி அழியுங்கள். கொஞ்சம்தானே என்று நாற்றுத் தட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நாற்றுத் தட்டில் எவ்வளவு, எப்படி இடுவது?

குழி ஒன்று 30 மில்லிலீட்டர் கொள்ளும் நூறு குழித் தட்டுக்கு 3 லீட்டர் கலவை வேண்டும். தும்புத்தூள் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. நன்றாக மக்கிய கூட்டெரு மொத்தத்தில் பத்தில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. பங்கசுத்தூளைக் கலந்து இடுவதானால் 300 மில்லிலீட்டர். அதைவிடச் சிக்கனமான வழி: குழியை மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, அரைத் தேக்கரண்டி தூளை நடுவில் வைத்து, மேலே ஒரு சென்ரிமீற்றர் கலவை போட்டு விதையை ஊன்றுவது. இறங்கும் முதல் வேர் தூளைத் தொட்டே ஆகவேண்டும். தட்டுக்கு ஏறக்குறைய 250 மில்லிலீட்டர் செலவாகும்.

மேலே தூவித் தண்ணீர் தெளிப்பது வேலைக்கு உதவாது. வித்தி பெரியது, ஊடாக இறங்காது.

லீக்ஸ் மேடைப் பாத்தியில் என்றால், சதுர மீற்றருக்கு ஒரு லீட்டர் தூளை விதைக்கும் வரியின் அடியில் மூன்று சென்ரிமீற்றர் ஆழத்தில் கோடாக இட்டு மூடுங்கள்.

முதல் மூன்று வாரத்துக்கு அல்பேட் என்ற போசணைக் கரைசலைப் பையில் எழுதியிருக்கும் அளவில் கால் பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். அதில் பொசுபரசு இருக்கிறது. இலை வெளிறினால் யூரியாவை லீட்டருக்கு ஒரு கிராம் கரைத்து ஊற்றினால் போதும்.

நாற்றுமேடையில் வைக்கோலும் உமியும் போட்டு எரிக்கிறோமே?

நோய்க்கு அது நல்ல முறை, விடவேண்டாம். ஆனால் சூடு இறங்கிய ஆழம்வரை பங்கசும் செத்துப்போகும். எரித்து, சாம்பலை ஒதுக்கி, மண் நன்றாக ஆறியபின் தூளை இடுங்கள். வரிசை மாறினால் தூள் வறுபடும்.

நாற்றழுகலை இது தடுக்குமா?

தடுக்காது. நாற்றழுகல் முளைத்த முதல் இரண்டு வாரத்தில் வருவது. பங்கசு வேரில் நிலைகொள்ளவே இரண்டு முதல் நான்கு வாரம் வேண்டும். நாற்றழுகலுக்குத் தண்ணீரைக் குறைத்து, விதையை நெருக்கமாகப் போடாமல், காற்றோட்டம் விடுங்கள்.

பங்கசுநாசினி அடிக்கலாமா?

காபென்டசிம், தயோபனேற் மீதைல் இரண்டையும் மண்ணில் ஊற்றினால் வேர்ப்பங்கசு பலமாக அடிபடும். மெற்றலக்சில் இந்த இனத்தை அதிகம் தொடுவதில்லை. அது குறிவைப்பது வேறு வகை உயிரினத்தை. இலைக்கு அடிக்கும் மருந்து மண்ணில் சொட்டாத அளவுக்கு அடித்தால் பெரிய சேதமில்லை. எந்த மருந்தானாலும் தூள் இட்ட முதல் மூன்று வாரத்தில் வேரில் ஊற்றுவதைத் தவிருங்கள்.

நுவரெலியாக் குளிரில் பங்கசு வளருமா?

மெதுவாக. நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில். மண் 15 பாகைக்குக் கீழே போனால் பங்கசு வேரில் பரவுவது வெகுவாகத் தளர்ந்துவிடும். தைப் பனி விழும் நாட்களில் தட்டைத் தரையில் வைக்காமல் மேசை போட்டு உயர்த்தி, இரவில் பொலித்தீன் மூடுங்கள். சோள வாளியைப் பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்து உறவினர் வீட்டில் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. அங்கே நான்கு மாதத்தில் முடிவது நுவரெலியாவில் ஐந்து, ஆறு என்று இழுக்கும்.

ட்ரைக்கோடேர்மாவும் இதுவும் ஒன்றா?

இல்லை. ட்ரைக்கோடேர்மா என்ற பங்கசு குப்பையிலேயே வளரும், வேர் தேவையில்லை; நோய்ப் பங்கசோடு சண்டைபோடுவது அதன் பிரதான வேலை. கோவாக் குடும்பத்திலும் வேலை செய்யும். அதன் சில வகைகள் நம் வேர்ப்பங்கசின் இழையையும் தாக்கும். இரண்டும் வேண்டுமென்றால் வேர்ப்பங்கசை விதைக்கும்போதும், ட்ரைக்கோடேர்மாவை மூன்று வாரம் கழித்தும் இடுங்கள்.

இன்னொரு இனம் ராஜஸ்தானின் தார் பாலைவனத்து மண்ணில் கண்டெடுக்கப்பட்டு 1998இல் விவரிக்கப்பட்டது. முதலில் பிரிபோர்மோஸ்போரா இண்டிகா என்று பெயர் வைத்தார்கள், இப்போது செரண்டிபிற்றா இண்டிகா. ஆய்வுகூடத்து ஊடகத்தில் தனியாக வளரும், கடுகுக் குடும்பத்து வேரிலும் குடியேறும். வல்லாரையில் ஏசியாற்றிக்கோசைட்டைக் கூட்டியதாகக் காட்டிய சோதனைகள் இந்த இனத்தில் செய்யப்பட்டவை. வல்லாரைத் துளிர் நடுகிறவர்கள் விசாரித்துப் பார்க்கவேண்டியது இதைத்தான்.

பங்கசு பிடித்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செடியின் உயரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. லீக்ஸ், வெங்காயத்தில் ஒரு குறிப்பு உண்டு: பங்கசு குடியேறிய வேர், தோண்டி எடுத்தவுடன் மஞ்சளாகத் தெரியும். வெளிச்சம் பட்டால் நிறம் மங்கிவிடும், உடனே பாருங்கள்.

உறுதியாகத் தெரியவேண்டுமானால் மைச் சாயம். பாடசாலை ஆய்வுகூடத்திலேயே செய்யலாம். மெல்லிய வேரைக் கழுவி, 10 சதவீதப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் 90 பாகையில் 15 நிமிடம் வையுங்கள். அது தோலை எரிக்கும் பொருள், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வேர் கண்ணாடிபோல் தெளிந்ததும் நன்றாக அலசுங்கள். வெள்ளை வினாகிரி 95 மில்லிலீட்டரில் ஊற்றுப்பேனா மை 5 மில்லிலீட்டர் கலந்து, கொதிக்கும் அந்தக் கலவையில் வேரை மூன்று நிமிடம் போடுங்கள். பிறகு சில துளி வினாகிரி விட்ட தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிட்டால் அதிகப்படிச் சாயம் போய்விடும். நுணுக்குக்காட்டியில் நூறு மடங்கில் பார்த்தால், நிறமற்ற வேர்க்கலங்களுக்கு இடையே இழை நெடுக ஓடுவதும், முட்டை வடிவப் பைகளும், கலத்தை அடைத்துக் கிளைத்து நிற்கும் கொத்துகளும் தெரியும். எல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தால் ஐதரொட்சைட்டில் போதிய நேரம் வைக்கவில்லை. வேர் கூழானால் கூடிவிட்டது.

பங்கசு இட்ட நாற்று இடாததைவிடச் சிறியதாக இருக்கிறதே?

முதல் மூன்று நான்கு வாரத்தில் அப்படி நடக்கும். பங்கசு சீனியை வாங்கிக்கொள்கிறது, திருப்பிக் கொடுக்க இன்னும் தயாராகவில்லை. மழைமூட்டத்தில், வெளிச்சம் குறைந்த பொலித்தீன் கூடாரத்தில் இது இன்னும் நீளும். ஐந்து வாரம் தாண்டியும் பின்தங்கியிருந்தால் இரண்டைப் பாருங்கள்: கலவையில் பொசுபரசு கூடிவிட்டதா, வெளிச்சம் போதவில்லையா. உடனே உரத்தை அள்ளிப் போடுவது வழக்கமான தவறு. செடி எழும்பும், பங்கசு போய்விடும்.

சத்து கூடியதா என்று நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

ஒப்பீட்டுத் தட்டுக்கும் அதே அளவு தூள் இடவேண்டும், ஆனால் ஆவியில் அவித்த தூள். இல்லாவிட்டால் தூளோடு வந்த போசணையையும் பங்கசின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். தட்டுகளை வாரம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே வயது இலையை அறுங்கள். காலையிலும் மாலையிலும் அளவு வேறுபடும். 40 பாகைக்கு மேற்படாத சூட்டில் நிழலில் உலர்த்தி, கடதாசிப் பையில் போட்டு, பெயர் எழுதி அனுப்புங்கள். மொத்த பீனோல் சோதனை மலிவானது, ஆனால் எந்தப் பொருள் கூடியது என்று சொல்லாது. குறிப்பிட்ட ஒரு பொருளை விளம்பரப்படுத்த நினைத்தால், பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் நிறப்பிரிகைச் சோதனையே வேண்டும்.

கடையில் தூள் வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?

இனத்தின் பெயர், கிராமுக்கு எத்தனை வித்தி, காலாவதித் திகதி. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வைத்துவிட்டு வாருங்கள். வேரே இல்லாமல் தொட்டியில் புளிக்கவைத்துத் தயாரித்தது என்று எழுதியிருந்தால் அதில் இருப்பது இந்த இனம் அல்ல. வெளிநாட்டிலிருந்து உறவினர் கையில் கொடுத்தனுப்பச் சொல்லாதீர்கள்; மண்ணையும் உயிருள்ள பங்கசையும் அனுமதியின்றிக் கொண்டுவருவதைத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது.

வயலுக்கு மாற்றி நட்டபிறகு என்ன செய்வது?

குழியில் டீஎஸ்பி போட்டு அதன்மேல் நாற்றை வைப்பதை நிறுத்துங்கள். வேர்க்கட்டி உடையாமல் நடுங்கள். கோவா எடுத்த பாத்தியில் லீக்ஸ் வைப்பவர்களுக்குத்தான் பங்கசு நாற்றால் அதிக இலாபம், ஏனென்றால் அந்த மண்ணில் சொந்தப் பங்கசு மெலிந்திருக்கும். லீக்ஸ் எடுத்தபின் கரட்டோ போஞ்சியோ விதைத்தால் மண்ணில் மிஞ்சிய இழையும் வித்தியும் அதன் வேருக்கும் போகும். ஆழக் கொத்தாமல் மேலாகக் கிளறி விதைத்தால் போதும்.

மிஞ்சிய தூளை எவ்வளவு காலம் வைக்கலாம்?

ஈரமில்லாமல் துணிப்பையில் கட்டி, அடுப்படியிலிருந்து தள்ளி வைத்தால் ஆறு மாதம். மலையகத்து மழைக்காலத்தில் தூள் ஈரம் இழுக்கும். பூசணம் பூத்தால் எறிந்துவிடுங்கள். ஒரு லீட்டரை எப்போதும் மிச்சம் வைத்து அடுத்த சோள வாளிக்குப் போடுங்கள். பத்தனைக்கு மறுபடி மண் எடுக்கப் போகவேண்டிய தேவை இருக்காது.